எட்டாவது வருகை

திக்லிபூர்
8 ஜூன் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

மழை பிடித்து ஒரு வாரமாகிறது. வீட்டில் இருவரும் சுகமாக இருக்கிறோம், கொடியில் போட்ட துணிக்குத்தான் சுகமில்லை. உன் முதுகுவலி தேவலையா? மரைன் ஹில் ஏற்றத்தை இன்னும் நடந்தேதான் ஏறுகிறாயா?

போனில் பேசினால் இரண்டாவது நிமிடத்தில் நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. அதனால் இதை எழுதி, போர்ட் பிளேர் பஸ் கண்டக்டர் சுதாகரிடம் கொடுத்தனுப்புகிறேன். பதிலையும் பஸ் ஸ்டாண்டில் அவனிடமே கொடுத்துவிடு.

விஷயம் இதுதான். புஷ்பத்தின் அம்மா சௌல்தாரியில் தனியாக இருக்கிறார். இங்கே வந்துவிடுங்கள் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு எங்களுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். வளர்க்கிற ஆட்டை யார் பார்ப்பார்கள் என்கிறார். மாமா இரத்தக் கொதிப்பை மறைத்து வைத்திருந்து மூன்று வருடம் முன்பு ஒரு காலையில் விழுந்து இறந்ததிலிருந்து புஷ்பத்துக்கு அந்தப் பயம் போகவில்லை. போனில் கேட்டால் அத்தை, “டீக் ஹூம்மா, டென்ஷன் மத் லோ” என்று சொல்லி வைத்துவிடுகிறார். நன்றாக இருக்கிறேன் என்கிற அந்த டீக்கை எப்படி நம்புவது?

உன் நர்சிங் காலேஜ் பிள்ளைகளை இந்தத் தடவை சௌல்தாரிக்குத்தான் அனுப்புகிறீர்கள் என்று சொன்னாயே. ஒவ்வொரு பிள்ளையும் ஐந்து வீடுகளை எடுத்துக்கொண்டு எட்டு வாரம் போய்ப் பார்த்து எழுத வேண்டும் என்றாய். அத்தை வீட்டையும் ஒரு நல்ல பிள்ளையிடம் கொடு. நீ அவரை எங்கள் கல்யாணத்திலும் மாமா காரியத்திலும் பார்த்திருக்கிறாய். வாரம் ஒருமுறை பி.பி. பார்த்தால் போதும், அதை எனக்கு எழுது. புஷ்பம் தூங்குவாள்.

உன் தம்பி,
ஹரிஹரன்


போர்ட் பிளேர், மரைன் ஹில்
29 ஜூன் 2025

அன்புள்ள ஹரி,

உன் கடிதம் நனைந்து வந்தாலும் படிக்க முடிந்தது. முதுகு அப்படியே இருக்கிறது, மற்றபடி நான் சுகம். நீயும் புஷ்பமும் மழையில் காய்ச்சல் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீ கேட்டபடியே செய்துவிட்டேன். மூன்றாம் வருடத்தில் உதயா என்று ஒரு பெண், ரங்கத்துக்காரி. கையெழுத்தும் வேலையும் சுத்தம். அத்தை வீட்டை அவளுக்குக் கொடுத்தேன். 21ஆம் தேதி சனிக்கிழமை முதல் வருகை. பி.பி. 168/100. பதறாதே. இது அதிகம்தான், ஆனால் எட்டு வாரம் தொடர்ந்து பார்த்து, உப்பைக் குறைத்து, மாத்திரையை ஒழுங்காகப் போட்டால் இறங்கும். டாக்டரிடம் காட்டச் சொல்லி உதயா சீட்டும் எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

எனக்கு இங்கே தலைக்கு மேல் வேலை. போன செமஸ்டரில் முதல் வருடப் பிள்ளைகள் நாற்பது பேர் கொடுத்த கட்டுரைகளில் ஒரே வாக்கியம், ஒரே இடத்தில். எல்லாம் ஏஐ எழுதியது. பிள்ளைகள் உண்மையிலேயே கற்றுக்கொள்கிறார்கள் என்று எப்படி உறுதி செய்வது என்று ஒரு திட்டம் எழுத பிரின்சிபால் கமிட்டி போட்டிருக்கிறார். அதற்குத் தலைவி நான். ஆகஸ்ட் முடிவதற்குள் கொடுக்க வேண்டும். முப்பது வருடம் நர்சாகவும் டீச்சராகவும் இருந்ததற்குக் கிடைத்த மரியாதை என்று நினைத்துக்கொள்கிறேன்.

புஷ்பத்திடம் சொல், அவள் அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அக்கா


திக்லிபூர்
10 ஜூலை 2025

அன்புள்ள அக்கா,

நாங்கள் இருவரும் உடம்பளவில் நன்றாகத்தான் இருக்கிறோம். நீ முதுகுக்கு எண்ணெய் தேய்க்கிறாயா, அல்லது கமிட்டிக்கு மட்டும்தான் தேய்க்கிறாயா?

168 என்ற எண்ணைப் படித்ததும் புஷ்பம் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். அவள் அங்கன்வாடியில் லீவு கேட்டிருக்கிறாள். ஆகஸ்ட் முதல் வாரம் புறப்பட்டு வந்து, அத்தையைப் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு, முடிந்தால் கையோடு இங்கே கூட்டிவந்துவிடலாம் என்று இருக்கிறாள். பஸ்ஸில் இடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

அத்தை உதயாவைப் பற்றிப் போனில் சொன்னார். “அந்தப் பொண்ணு அச்சா பொண்ணு. சாய் போட்டுக் குடுத்தேன், ஜல்தியில குடிக்காமலே ஓடிடுச்சு,” என்றார். அவருக்குப் பிடித்துவிட்டது போல. அடுத்து வந்தாளா, எவ்வளவு இருந்தது என்று எழுது. உன் எண்ணைப் பார்த்துத்தான் புஷ்பம் பெட்டி கட்டுவதா வேண்டாமா என்று முடிவு செய்வாள்.

தம்பி,
ஹரி


மரைன் ஹில்
27 ஜூலை 2025

அன்புள்ள ஹரிக்கும் புஷ்பத்துக்கும்,

முதலிலேயே நல்ல சேதி சொல்லிவிடுகிறேன், அதற்கப்புறம் நலம் விசாரிக்கிறேன். உதயாவின் கோப்பை நேற்று வாங்கிப் பார்த்தேன். அதிலிருந்து உங்களுக்காக எழுதி வைத்தவை: ஜூன் 28 அன்று 160/96. ஜூலை 5 அன்று 152/92. 12 அன்று 144/88. 19 அன்று 136/84. படி இறங்குவது போல இறங்குகிறது. கோப்பில் அவள் எழுதியிருப்பதைத் தமிழில் சொல்கிறேன்: “அன்னம்மாள் குடும்பத்தாரின் ஆதரவுடன் நல்ல முன்னேற்றம் காட்டுகிறார். தினமும் மாலையில் அண்டை வீட்டாருடன் நடைப்பயிற்சி செய்கிறார். காலையில் ராகிக் கஞ்சி அருந்துகிறார். உப்பைப் பாதியாகக் குறைத்துவிட்டார்.” எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறாள் பார். இந்தக் காலத்துப் பிள்ளைகளில் இவள் ஒருத்திதான் தேறுவாள் என்று தோன்றுகிறது.

அதனால் புஷ்பம் ஆகஸ்டில் அவசரப்பட்டு வர வேண்டாம். இந்த மழையில் பன்னிரண்டு மணி நேர பஸ், நடுவில் படகுக்காகக் காத்திருப்பது, இதெல்லாம் எதற்கு? தீபாவளிக்குச் சாவகாசமாக வரட்டும். நர்சாகச் சொல்கிறேன், இது ஆறுதலுக்குச் சொல்வது இல்லை.

கமிட்டி வேலை மூச்சு விடவிடவில்லை. மற்ற காலேஜ்களில் என்ன செய்கிறார்கள் என்று பார்க்கச் சனிக்கிழமைகளில் காலேஜ் வேனை நான் எடுத்துக்கொள்கிறேன். பிள்ளைகள் பஸ்ஸில் போய் வருகிறார்கள், ஒன்றும் தேய்ந்துவிட மாட்டார்கள். இந்த உதயாவே ஒரு நாள் என் அறை வாசலில் நின்றுகொண்டு, “மேடம், பி.பி. குறையலைன்னா ரெக்கார்ட்ல என்ன எழுதறது?” என்று கேட்டாள். நான் அப்போது திட்டத்தின் ஏழாவது பக்கத்தில் இருந்தேன். ஃபார்மேட்டைப் பார்த்து எழுது என்று அனுப்பிவிட்டேன். பார், அவளுக்குக் குறைந்தே விட்டது.

உங்கள் இருவர் உடம்பும் எப்படி? நான் நலம்.

அன்புடன்,
அக்கா


திக்லிபூர்
9 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் எல்லோருக்கும் உடம்பு சரியாகிவிட்டது. புஷ்பம் அதை இரண்டு தடவை படித்தாள், அப்புறம் அழுதாள், அப்புறம் லீவு மனுவைத் திரும்ப வாங்கிவிட்டாள். தீபாவளிக்கு வருகிறோம். உனக்கு அவள் தனியாக நன்றி சொல்லச் சொன்னாள்.

ஆனால் எனக்கு இரண்டு மூன்று விஷயம் புரியவில்லை. கேட்டால் டீச்சருக்குக் கோபம் வரக்கூடாது. குடும்பத்தாரின் ஆதரவு என்றால் யார்? அந்த வீட்டில் அத்தையை விட்டால் ஆடுதான் இருக்கிறது. அத்தைக்கு மூட்டு வீங்கி இரண்டு வருடம், கிணற்றடிக்குப் போவதற்கே சுவரைப் பிடித்துக்கொள்வார். அவர் மாலையில் உலாவப் போகிறார் என்றால் நான் டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து பார்ப்பேன். அப்புறம் ராகி. சௌல்தாரியில் எந்தக் கடையில் ராகி விற்கிறார்கள்? காலையில் பழைய சோறும் முந்தின நாள் மீன் குழம்பும் இல்லாமல் அவருக்குப் பொழுது விடிந்ததாகவே கணக்கு இல்லை.

போனில் கேட்டேன். வழக்கம் போல டீக் ஹூம்தான். அந்தப் பெண் வருகிறாளா என்றால், “ஆதீ ஹை, வர்றா,” என்கிறார், எப்போது என்று சொல்லத் தெரியவில்லை.

நீ ஒரு தடவை நேரில் போய்ப் பார்த்தாயா? மரைன் ஹில்லிலிருந்து ஒரு மணி நேரம்தானே.

தம்பி,
ஹரி


மரைன் ஹில்
31 ஆகஸ்ட் 2025

அன்புள்ள ஹரி,

முதுகுவலிக்குப் பெல்ட் போட்டிருக்கிறேன், உட்கார முடிகிறது. உங்கள் பக்கம் காற்று பலம் என்று செய்தியில் கேட்டேன், கூரை பத்திரமா?

எட்டு வருகையும் முடிந்துவிட்டது. கடைசி வருகை ஆகஸ்ட் 9, 128/82. இதைவிட என்ன வேண்டும்? கோப்பில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அறுபத்திரண்டு பேரில் உதயாவுக்குத்தான் அதிக மதிப்பெண். ராகி என்பது நாங்கள் கொடுக்கிற உணவு ஆலோசனை, அதையே சாப்பிடுகிறார் என்று எழுதியிருப்பாள். பிள்ளைகள் அப்படித்தான், ஒரு சொல் முன்னே பின்னே இருக்கும். நீ அதைப் பிடித்துக்கொண்டு தொங்காதே.

என் திட்டமும் ஏற்கப்பட்டுவிட்டது. இருபத்தாறு பக்கம். ஏஐ எழுதியதைக் கண்டுபிடிக்க ஒரு மென்பொருள், ஒவ்வொரு பதிவுக்கும் பதினான்கு கட்டம் உள்ள சரிபார்ப்புத் தாள், மூன்று இடத்தில் கையெழுத்து. இனி ஒருத்தியும் ஏமாற்ற முடியாது என்று பிரின்சிபால் கூட்டத்தில் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். அப்பா இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார் என்று நினைத்தேன்.

தீபாவளிக்கு வரும்போது பாக்கு கொஞ்சம் கொண்டு வா.

அன்புடன்,
அக்கா


திக்லிபூர்
19 செப்டம்பர் 2025

அக்காவுக்கு,

நான் நேற்று வந்து சேர்ந்தேன். புஷ்பம் அத்தையோடு அங்கேயே தங்கிவிட்டாள், அவள் இல்லாத வீட்டில் சுகம் என்று எழுத ஒன்றும் இல்லை. நீ ஆஸ்பத்திரியில் அலைந்ததை மறக்க மாட்டேன். நீ இல்லாவிட்டால் வார்டில் இடம் கிடைத்திருக்காது.

இருந்தாலும் அங்கே உன்னிடம் கேட்க முடியாததை இங்கே கேட்கிறேன்.

11ஆம் தேதி காலை அத்தை ஆட்டுக்குத் தழை போடப் போனபோது விழுந்தார். பக்கத்து வீட்டு ஷோபனாதான் பார்த்து வண்டி பிடித்தாள். நாங்கள் மறுநாள் வந்து சேர்ந்தபோது டாக்டர் கேட்டார், கடைசியாக எப்போது பி.பி. பார்த்தீர்கள் என்று. நான் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன், ஆகஸ்ட் 9ஆம் தேதி, 128/82, வாராவாரம் பார்க்கிறோம் என்று. அவர் சீட்டைத் திருப்பிக் காட்டினார். அத்தையைக் கொண்டுவந்தபோது 214/120. இவ்வளவு நாள் இது ஏறிக்கொண்டே இருந்திருக்க வேண்டும் என்றார்.

மாற்றுச் சேலை எடுக்கப் புஷ்பம் சௌல்தாரி வீட்டுக்குப் போனாள். ரேஷன் கார்டு உறைக்குள் ஒரு சீட்டு மடித்து வைத்திருந்தது. 21 ஜூன், 168/100, டாக்டரை உடனே பார்க்கவும், உதயா என்று கையெழுத்து. இங்கிலீஷில் எழுதியது. அத்தைக்கு அது படிக்கத் தெரியாது, அரசாங்கக் காகிதம் என்று பத்திரமாக வைத்திருக்கிறார். ஷோபனாவிடம் கேட்டோம். “வெள்ளைக் கோட்டு போட்ட லட்கி ஒரே ஒரு தபா வந்துச்சு. மழ தொடங்கின புதுசுல. அதுக்கப்புறம் யாரும் வரல,” என்றாள்.

ஒரே ஒரு தடவை. நீ எட்டு என்று எழுதினாய். தேதியோடு, எண்ணோடு எழுதினாய். அதை நம்பித்தான் ஆகஸ்டில் புஷ்பம் வரவில்லை. நான் சண்டைக்குக் கேட்கவில்லை அக்கா. அந்த ஏழு தடவை யார் போய்ப் பார்த்தது?

ஹரி


மரைன் ஹில்
2 அக்டோபர் 2025

அன்புள்ள ஹரி,

தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறாயா? வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே.

அத்தையைத் திங்கட்கிழமை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வலது கையும் காலும் இன்னும் தூக்க வரவில்லை. பேச்சு குழறுகிறது, ஆனால் புரிந்துகொள்கிறார். பிசியோதெரபி தினமும் இருபது நிமிடம் செய்ய வேண்டும், புஷ்பத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். காலை மாத்திரை இரண்டு, இரவு ஒன்று. படுக்கையில் பக்கம் மாற்றிப் படுக்கவைக்கச் சொல்லியிருக்கிறேன். ஆப்பிளை வேகவைத்து மசித்துக் கொடுக்கலாம்.

நீ கேட்டதைப் பற்றி விசாரித்துக்கொண்டிருக்கிறேன். காலேஜில் இன்ஸ்பெக்ஷன் நடப்பதால் கொஞ்சம் தாமதமாகும்.

அக்கா


திக்லிபூர்
12 அக்டோபர் 2025

அக்கா,

ஆப்பிளை எப்படி வேகவைப்பது என்று எழுதியிருக்கிறாய். நான் கேட்டது அது இல்லை.

ஹரி


மரைன் ஹில்
26 அக்டோபர் 2025

ஹரி,

நலம் விசாரிக்கிற தகுதி எனக்கு இப்போது இல்லை. அதனால் நேராகச் சொல்கிறேன்.

யாரும் போகவில்லை. உதயா போகவில்லை, நானும் போகவில்லை. நீ ஆகஸ்டில் கேட்டாயே, நேரில் போய்ப் பார்த்தாயா என்று. அந்தக் கேள்வியை நான் பார்க்காதது போலக் கடந்துவிட்டேன். ஒரு மணி நேரப் பயணம். ஒரு தடவைகூடப் போகவில்லை.

உதயாவை அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, எத்தனை தடவை போனாய் என்று கேட்டேன்.

“ஒரு தடவை மேடம். சத்தியமா போனேன். அந்தப் பாட்டி சாய் போட்டுக் குடுத்தாங்க, வேன் போயிடும்னு குடிக்காமலே ஓடி வந்துட்டேன்.”

“மிச்சம் ஏழு?”

“முதல் நாள் ரீடிங்கைக் குடுத்து, எட்டு வாரத்துக்கு ரெக்கார்ட் வேணும்னு ஏஐகிட்ட கேட்டேன். அதுதான் எழுதிக் குடுத்துச்சு.”

ஏன் என்று கத்தினேன். அவள் அழவில்லை. அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

“ரெண்டாவது வாரத்திலேருந்து வேன் இல்ல மேடம். பஸ்ல போய் அஞ்சு வீடும் பார்த்துட்டுத் திரும்ப முடியல. 168 சரியில்லைன்னு எனக்குத் தெரியும், மனசுக்குள்ள பயமா இருந்துச்சு. அதான் உங்ககிட்ட வந்து, குறையலைன்னா என்ன எழுதறதுன்னு கேட்டேன். நீங்க திரும்பிப் பார்க்கல. ஃபார்மேட்டைப் பாருன்னீங்க. ஃபார்மேட்ல ‘முன்னேற்றம்’னு ஒரு கட்டம்தான் மேடம் இருக்கு. முன்னேற்றம் இல்லைன்னு எழுத அதுல இடமே இல்ல.”

அந்த ஃபார்மேட்டைப் போட்டதும் நான்தான் ஹரி, எட்டு வருடம் முன்பு.

இன்னும் இருக்கிறது. அந்தக் கோப்பின் கடைசிப் பக்கத்தில், “பரிவும் விடாமுயற்சியும் கொண்ட சிறப்பான பணி” என்று என் குறிப்பு இருக்கிறது. அதையும் நான் எழுதவில்லை. அறுபத்திரண்டு கோப்புகளுக்கும் குறிப்பு வேண்டும் என்று ஏஐயிடம் கேட்டு வாங்கி ஒட்டினேன், நேரமில்லை என்பதால். அத்தையின் எண்களை மட்டும் உனக்கு எழுதுவதற்காகப் படித்தேன். 168, 160, 152, 144, 136. எட்டு எட்டாக இறங்குகிற பி.பி.யை முப்பது வருடத்தில் எந்த நோயாளியிடம் நான் பார்த்திருக்கிறேன்? எந்தப் பயிற்சி நர்சைக் கேட்டாலும் இது மனித உடம்பு இல்லை என்று சொல்வாள். நான் அழகாக இருக்கிறது என்று உனக்கு எழுதினேன். அவள் எழுதவில்லை, நான் படிக்கவில்லை. நடுவில் அத்தை மட்டும்தான் நிஜமாக இருந்தார்.

பிள்ளைகள் கற்றுக்கொள்கிறார்களா என்று உறுதி செய்ய இருபத்தாறு பக்கம் எழுதினேனே, அதிலும் பாதி அதே இயந்திரம் எழுதியதுதான். அதை எழுதிக்கொண்டிருந்ததால்தான் ஒரு பிள்ளை வாசலில் வந்து நின்றதை நான் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை கூட்டத்தில் எழுந்து எல்லாவற்றையும் சொன்னேன். அறுபத்திரண்டு கையெழுத்தையும் ரத்து செய்யச் சொன்னேன். உதயாவை நீக்க வேண்டும் என்றார்கள். அவளை நீக்கினால் அதே தாளில் என் பெயரையும் போடுங்கள் என்றேன். இப்போதைக்கு அவள் எட்டு வாரத்தையும் திரும்பச் செய்ய வேண்டும் என்று முடிவாகியிருக்கிறது. என்னைப் பற்றிய முடிவு பின்னால் வரும்.

திட்டத்தைக் கிழித்துவிட்டு ஒரே பக்கத்தில் வேறொன்று கொடுத்திருக்கிறேன். பிள்ளை எதை வைத்து வேண்டுமானாலும் எழுதட்டும். எட்டாவது வருகைக்கு ஆசிரியர் அவளோடு அந்த வீட்டுக்குப் போக வேண்டும். வீட்டில் இருப்பவர் அவளைப் பார்த்ததும் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் மட்டும் மற்ற கேள்வி. கூப்பிடவில்லை என்றால் அவள் அந்த வீட்டுக்கு வரவே இல்லை என்று அர்த்தம்.

இந்தக் கடிதத்தைப் புஷ்பத்திடம் நீ கொடுத்துவிடு. அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

விஜயலட்சுமி


மரைன் ஹில்
23 நவம்பர் 2025

அன்புள்ள ஹரி,

நீ நன்றாக இருக்கிறாயா என்று சுதாகரிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன். கடிதத்தை உன் கையில் கொடுத்ததாகவும், நீ அதைப் பஸ் பக்கத்தில் நின்றே படித்ததாகவும், பதில் எதுவும் தரவில்லை என்றும் சொன்னான். நான்கு வாரமாகிறது. நான் தினமும் பஸ் ஸ்டாண்டுக்குப் போகிறேன்.

புதிய முறையை ஒத்துக்கொண்டுவிட்டார்கள். முதல் நாள், பிள்ளைகள் ஜூனில் எடுத்த வீடுகளில் ஒன்பதுக்கு அவர்களோடு போனோம். நான்கு வீட்டில்தான் பிள்ளையின் பெயர் தெரிந்திருந்தது. ஒரு வீட்டில் ஒரு கிழவர் பெயரைச் சொல்லாமல், “எங்க இட்லிக்காரி வந்துட்டா,” என்றார். அந்தப் பெண் முதல் நாள் இட்லி கொண்டு போயிருந்தாளாம். அதற்கும் மதிப்பெண் கொடுத்தேன். கமிட்டித் தலைமையிலிருந்து என்னை விலக்கிவிட்டார்கள், பாடம் எடுக்க மட்டும் விட்டிருக்கிறார்கள். அது சரிதான்.

டிசம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை சௌல்தாரிக்குப் போகிறேன். புஷ்பத்திடம் சொல்லி வை. கதவைத் திறக்காவிட்டால் திரும்பி வந்துவிடுகிறேன், அதற்காக யாரையும் குறை சொல்ல மாட்டேன்.

அக்கா


சௌல்தாரி
14 டிசம்பர் 2025

மரியாதைக்குரிய மதினிக்கு,

அம்மாவுக்கு இன்று காலை 148/90. அங்கன்வாடித் தோழி ஒருத்தியிடம் கருவியை வாங்கி நானே பார்த்தேன், இரண்டு தடவை பார்த்தேன். நானும் நன்றாக இருக்கிறேன். உங்கள் முதுகு எப்படி இருக்கிறது? போன ஞாயிறு படி ஏறும்போது நீங்கள் தூணைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்தேன்.

உங்கள் கடிதத்தை அவர் எனக்கு அனுப்பிவிட்டார். அவர் உங்களுக்குப் பதில் போடாததற்குக் காரணம் கோபம் மட்டும் இல்லை. எழுத உட்கார்ந்தால், ‘இங்கு நலம்’ என்ற முதல் வரிக்கு மேல் பேனா போகவில்லை என்கிறார். அதனால் நான் எழுதுகிறேன்.

எனக்குக் கோபம் இருக்கிறது மதினி. அதை மறைக்க மாட்டேன். ஆகஸ்டில் நான் வந்திருந்தால் அம்மா இன்று தன் கையால் சாப்பிடுவார். ஊட்டும்போதெல்லாம் அது என் நினைவுக்கு வருகிறது. நீங்கள் வந்து ஒரு மணி நேரம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது நான் டீ கொடுத்தேனே தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் தப்பாகப் பேசியிருப்பேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதை அவரிடம்கூட நான் சொன்னதில்லை. ஜூலை மழையில் எங்கள் அங்கன்வாடியில் ஏழு குழந்தைகளை நிறுக்காமலே முந்தின மாத எடையோடு கொஞ்சம் கூட்டிப் பதிவில் ஏற்றிவிட்டேன். இயந்திரம் எதுவும் எனக்குத் தேவைப்படவில்லை, என் கையே போதுமாக இருந்தது. உங்கள் கடிதத்தைப் படித்த அன்று அந்த ஏழு குழந்தைகளின் பெயரும் வரிசையாக ஞாபகம் வந்தது. திக்லிபூரில் எனக்குப் பதிலாக இருக்கும் பெண்ணிடம் சொல்லி நிறுக்கச் சொன்னேன். இரண்டு பிள்ளைகள் எடை குறைந்திருந்தார்கள். இப்போது அவர்களுக்குச் சத்துணவு தனியாகப் போகிறது. அதனால் உங்களை முழுதாக வெறுக்கவும் என்னால் முடியவில்லை.

அந்தப் பெண் உதயா வருகிறாள். காலேஜ் அனுப்புகிற சனிக்கிழமை ஒரு தடவை, யாரும் அனுப்பாமல் ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவை. முதல் நாள் வாசலிலேயே நின்றாள். நான் உள்ளே கூப்பிடவில்லை. அவள் ஆட்டுக்குத் தழை போட்டுவிட்டுப் போய்விட்டாள். இரண்டாவது தடவை உள்ளே வந்து பி.பி. பார்த்தாள், எண்ணைச் சுவரில் மாட்டிய காலண்டரில் தமிழில் எழுதினாள். மூன்றாவது வாரம் அம்மா தனக்குப் போட்ட டீயை இடது கையால் அவள் பக்கம் தள்ளினார். அவள் அதைக் கடைசிச் சொட்டு வரை குடித்தாள். இப்போது அவள் சைக்கிள் சத்தம் கேட்டாலே அம்மா தலையைத் திருப்பி, “உதயா,” என்கிறார். வேறு பல சொற்கள் குழறுகின்றன, அந்தப் பெயர் மட்டும் தெளிவாக வருகிறது.

இப்போது நீங்கள் வந்த நாளைப் பற்றி. எழுதுவதா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். உங்கள் கடிதத்தில் அந்தப் புதிய பரீட்சையைப் பற்றிப் படித்திருக்காவிட்டால் எழுதியிருக்க மாட்டேன்.

நீங்கள் கிளம்பி, கேட்டைச் சாத்திய பிறகு அம்மா என் சேலையைப் பிடித்து இழுத்தார். வாசலைக் காட்டி, “அது கோன்?” என்றார். யார் என்று கேட்கிறார்.

நோயால் இல்லை மதினி. ஷோபனாவைத் தெரிகிறது, தபால்காரரைத் தெரிகிறது, ஆட்டைத் தெரிகிறது. உங்களைத்தான் தெரியவில்லை. எங்கள் கல்யாணத்தில் பார்த்தது, அப்பா காரியத்தில் அரை மணி நேரம் பார்த்தது, ஆஸ்பத்திரியில் நினைவு தப்பிக் கிடந்தபோது நீங்கள் பக்கத்தில் நின்றது. அவர் எப்படித் தெரிந்துகொள்வார்?

அடுத்த ஞாயிறு வாருங்கள். அதற்கடுத்த ஞாயிறும் வாருங்கள். இந்தத் தடவை கதவைத் திறந்து நானே உள்ளே கூப்பிடுகிறேன். ஆனால் உங்கள் பெயரை நான் அம்மாவிடம் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். அவரே கூப்பிடட்டும்.

புஷ்பம்